தேதி தவறிய பெட்டி

ஒவ்வொரு அட்டையிலும் முதல் விலங்கு நான்தான்.
பெட்டியைப் பீச் மரத்தில் வாரிட்டுக் கட்டியதும்
கை ஊன்றி, முட்டி ஊன்றி
அதன் முன்னால் நாலு காலில் போக வேண்டும்.
லிங்ஸின் தோள், என் முழங்கால் உயரம்.
"இன்னும் தாழ, பாஷ்க். இன்னும் தாழ" என்பாள் லிரிதோனா,
திரானாவில் விலங்கியல் படித்து மலையேறி வந்தவள்.
"வேட்டைக்காரன் மாதிரிப் பதுங்காதே. சும்மா நட."
ஐம்பத்தெட்டு வயது இடுப்புக்குச்
சும்மா என்று ஒரு நடை இருக்கிறதா?
சிவப்பு விளக்கு மினுக்கினால் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.
சருகைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பேன்.

பாதைக்கு இரண்டு பெட்டி, எதிரும் புதிருமாக.
இடது விலாவின் புள்ளிகள் வேறு, வலதின் புள்ளிகள் வேறு.
ஒரு பக்கம் மட்டும் பார்த்தால்
இருக்கிற ஒன்றை இரண்டு என்று எண்ணிவிடுவோமாம்.
எண்ணிக்கையில் ஆசை கூடாது என்கிறாள்.
கிழக்கு பார்த்து வைக்காதே, வெயில் ஏமாற்றும்.
முன்னால் நிற்கும் புல்லை அரிந்துவிடு.
போன கோடையில் நான் சோம்பி விட்ட ஒற்றைப் பெரணி
காற்றுக்குத் தலையாட்டி ஆட்டி
நாலாயிரத்து அறுநூறு படம் எடுத்துக்கொண்டது.
எங்கள் ஊரில் எந்த மாப்பிள்ளைக்கும் அத்தனை படம் கிடையாது.

எட்டு பாட்டரி. ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டலம். ஒரு பூட்டு.
பூட்டு, கரடிக்காக அல்ல.

நாற்பது நாள் பனிக்குப் பிறகு ஏறிப் போய்
அட்டைகளைக் கொண்டுவந்தோம்.
நரி. நரி. தாவாவின் சினைப்பசு, மூன்று நாளாய் வழி தவறி.
மரநாய் ஒன்று, வாயில் எதுவோ.
மின்ரம்பத்தோடு ஒருவன், முகத்தைத் துண்டால் மூடி.
மனிதர்கள் வந்தால் அழித்துவிடுவது விதி.
அந்தத் தோள் சாய்ந்த நடை யாருடையது என்று தெரியும் எனக்கு.
அவள் அழித்தாள். நான் காப்பியைக் கலக்கினேன்.

ஏழாம் பெட்டி.
விரல் மரத்த குளிரில் தேதி போட மறந்திருக்கிறேன்.
அது பிறந்த நாளிலேயே நின்று எண்ணத் தொடங்கியிருக்கிறது:
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
நள்ளிரவு தாண்டி நாலு நிமிடம் என்கிறது கடிகாரம்.
படத்தில் நான் நாலு காலில், முதுகெல்லாம் வெயில்.
பிறகு பத்தொன்பதாம் தேதி, பிற்பகல் இரண்டு பத்து,
கும்மிருட்டு.
காதுநுனியில் கறுப்புக் குஞ்சம்,
வெட்டிவிட்டது போன்ற வால்.
என் கை ஊன்றிய இடத்தில் மூக்கை வைத்து நிற்கிறது.

லிரிதோனா நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள்.
நான் எழவில்லை.

அந்த வருஷம், அந்த ஜனவரி,
இதே கணவாயில் நான் இருந்தேன்.
ஊரே கிடங்கை உடைத்த காலத்துத் துப்பாக்கி தோளில்.
தேதி நினைவில்லை. பனி இருந்தது.
இரண்டு மூட்டை மாவுக்கும் ஒரு கார் பாட்டரிக்கும்
தோலைக் கொடுத்தேன்.
வைக்கோல் திணித்து ஸெஃப் தன் கடை அலமாரிமேல் நிறுத்தினான்.
ஒரு கண் கண்ணாடி, ஒரு கண் கோலிக்குண்டு.
ராக்கி ஏறிய யாராவது
அதன் வாயில் சிகரெட் செருகுவார்கள் இன்றைக்கும்.

"தேதியைத் திருத்திவிடலாம்" என்றாள்.
"கட்டிய நாளும் நேரமும் என் குறிப்பேட்டில் இருக்கிறது."
கொஞ்சம் பொறு, காப்பி முடியட்டும் என்றேன்.
கோப்பையில் கசடுதான் மிச்சம்.
திரையில் அந்த ஜனவரியின் கணவாய்;
அதில் துப்பாக்கி இல்லாமல்
தவழ்ந்து போயிருந்தேன் நான்,
பின்னால் அது வந்துகொண்டிருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள்.
பூனை இந்த வருஷத்துக்கு வந்து சேர்ந்தது.
வலது விலா மட்டும்.
எதிர்ப் பெட்டியில் பாட்டரி தீர்ந்து போயிருந்தது.