சேதாரம்

நாங்கள் தோண்டவில்லை.
வருகிறவர்கள் காலணிச் சேற்றை உதறும் முன்பே
அதைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.
டொல்கெத்லாய்க்கு வடக்கே, மலைச்சரிவில் ஆறு துளைகள்,
ஒவ்வொன்றும் ஒரு சோற்றுத் தட்டளவு.
உப்புநீரைப் பாறைக்குக் குடிக்கக் கொடுத்து
மின்சாரத்தை மெல்ல உள்ளே விடுகிறோம்.
பொன் கரைந்து
தானே நடந்து வரவேண்டும்
நேர்மின்வாய்க்கு.

"சயனைடு?" என்றாள் நெரிஸ்.
கீழ்ச்சரிவில் ஆடு வளர்ப்பவள்.
அவள் ஊற்று எங்கள் துளைகளுக்குக் கீழே.
ஒரு துளிகூட இல்லை என்றேன்.
கோலாரில், உரிகத்தில் பிறந்தவள் நான்,
அந்தச் சொல்லை வாயில் வைத்து விளையாடுவதில்லை.
சயனைட் மேட்டிலிருந்து கோடைக்காற்று கிளம்பினால்
பள்ளியில் சன்னல்களைச் சாத்துவார்கள்.
அப்படியும் நோட்டின் மேல் சாம்பல் படியும்.
விரலால் அதில்
பெயர் எழுதி அழிப்போம்.

பதினோரு மாதம்.
மழை, பம்பின் முனகல், மழை.
கெரைன்ட் துளையிட்டெடுத்த கல்லைப் பொடித்துப் பார்த்தான்:
பொன் கிளம்பிவிட்டது.
மின்வாயைச் சுரண்டிப் பார்த்தேன்:
வந்து சேரவில்லை.

அன்றிரவு நான் பொன்னை நினைக்கவில்லை.
டார்ச்சோடு இறங்கி
நெரிஸின் ஊற்றில் மூன்று புட்டி நிரப்பினேன்,
வீட்டில் விளக்கெரிந்ததும் திருடியைப்போல் குனிந்தேன்.
சோதனையில் பொன் இல்லை, செம்பு இல்லை,
ஆர்செனிக் போன வருடம் இருந்த அளவே.
அப்படியென்றால் எங்கே?

எந்த வரைபடத்திலும் இல்லாத
ஒரு பழைய சுரங்கவழி குறுக்கே கிடந்தது.
கேமராவை இறக்கினோம்.
இடுப்பளவு நீரில்
நூற்றுமுப்பது வருடத்துத் தண்டவாளம்,
துருவேறி, பாதி கரைந்து.
அதன் ஒரு பக்கம் மட்டும்
மஞ்சள்.

இரும்பைக் கண்டால் கரைந்த பொன் நின்றுவிடும்,
எனக்குத் தெரிந்த வேதியியல்தான்.
ஆனாலும் திரையை அணைக்கத் தோன்றவில்லை.
வண்டி தள்ளியவர்கள் தேடித் தீர்ந்து
விட்டுப்போன இரும்பில்
அவர்கள் கேட்டது வந்து உட்கார்ந்திருந்தது.
கேட்டவர்கள் இல்லை.

சுரண்டி எடுத்ததில் பதினான்கு கிராம்.
இரண்டு சவரன்கூட இல்லை.
அதுவும் மன்னருக்கா, நிறுவனத்துக்கா என்று
லண்டனில் வக்கீல்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
மின்கட்டணத்தை நான் கூட்டிப் பார்க்கவில்லை.
பதிவேட்டில் 'இழப்பு' என்ற கட்டத்தில்
தமிழில் 'சேதாரம்' என்றெழுதி
பிறகு அடித்தேன்.

நெரிஸிடம் எல்லாம் சொன்னேன்,
இரவில் ஊற்றுக்கு வந்ததையும்.
"தெரியும். நாய் குரைத்தது" என்றாள்.
"நீங்கள் போன பிறகு தண்ணீரை யார் பார்ப்பது?"
ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் என்றிருந்தது.
ஐந்து வருடம் என்றேன்.
அவள் ஆடுகளை எண்ணுவதுபோல
சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிறகு குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பினாள்.
இரண்டு குவளைத் தேநீர்.
என் குவளை காலியாகும் வரை
தன்னுடையதை
அவள் தொடவில்லை.