பயப்பட்டு முடித்தவள்

மண்டபத் தரையில் பூப்பந்தாட்டக் கோடுகள்.
கோட்டின் மேல் வரிசை:
தொடக்கநிலை மூன்று, கருணை வகுப்பு.
உட்லண்ட்ஸ், காலை எட்டேகால்.
நீலப் பெட்டிக்குள் ஐந்து டிகிரி.

முப்பத்தெட்டு இடது கைகள்.
ஜுன் காய் கண்ணை மூடிக்கொண்டு
ஏழாம் வாய்ப்பாட்டைச் சீனத்தில் சொன்னான்.
நாற்பத்தொன்பதில் நான் முடித்துவிட்டேன்,
அவன் எழுபதுவரை போய்த்தான் நின்றான்.
ஊசியைப் பார்த்தே தீருவேன் என்ற ஹஃபிஸ்
பார்த்தான்,
பெஞ்சில் மெல்லச் சரிந்தான்.
தலை தாழ்த்தி, கால் உயர்த்தி,
பிறகு ஒரு பொட்டலம் மைலோ.

இருபத்து நான்காம் எண், சங்கமித்ரா.
படிவத்தில் அம்மாவின் கையொப்பம் உண்டு, தேதி உண்டு.
சம்மதம், சம்மதமில்லை
இரண்டு கட்டமும் காலி.
தூக்கக் கலக்கத்தில் போட்ட கையொப்பம்
எந்தப் பக்கம் சாய்ந்தது என்று
நான் எப்படிச் சொல்ல?

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டாங்க மிஸ்ஸி.
அம்மாவுக்கு சிப் செய்யுற இடத்துல வேலை.
உள்ள போனா கண்ணு மட்டும்தான் தெரியும்.
போன் லாக்கர்ல கிடக்கும்.
யாராச்சும் தும்முனா எல்லாம் வீணாப் போயிடுமாம்."

சட்டைக் கையை அவளே சுருட்டி வைத்திருந்தாள்,
மூன்று மடிப்பு, இஸ்திரி போட்டதுபோல.
"இன்னைக்கு இல்லம்மா" என்றேன்.

"ஆனா நேத்து ராத்திரியே நான்
பயப்பட்டு முடிச்சுட்டேனே."

இருபது வருடமாக இந்த வேலை.
அழுகிறவர்களைத் தெரியும், உதைக்கிறவர்களைத் தெரியும்,
கழிவறையில் ஒளிகிறவர்களைக்
காலணி பார்த்துக் கண்டுபிடிப்பேன்.
செலவாகாத தைரியத்தோடு திரும்பிப் போகிற பிள்ளைக்கு
என் பெட்டியில் ஒன்றும் இல்லை.
டைனோசர் ஸ்டிக்கர் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளவில்லை.
குத்தாத கையில் ஒட்டினால் பொய்யாம்.

பன்னிரண்டு ஐம்பது.
பெட்டிக்கு வார் போட்டுக் கட்டியாயிற்று. போன்.
"மித்ரா அம்மா பேசுறேன், இப்பத்தான் பிரேக்.
ஒம்போது தடவை கூப்பிட்டிருக்கீங்க. புள்ளைக்கு என்ன?"
ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னேன்.
பிறகு சித்தி ஹஜாரும் கேட்கும்படி
சத்தமாக வைத்துப்
பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை.
"போடுங்க. போடத்தானே கையெழுத்துப் போட்டேன்."
சற்று நேரம் அவள் மூச்சு மட்டும்.
"அழுதாளா?"

வாரை அவிழ்த்தேன்.
தமிழ் வகுப்பிலிருந்து கூட்டி வந்தார்கள்.
பாதி மண்டபம்வரை ஓடி வந்தவள்
கோட்டருகே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க மிஸ்ஸி.
காலையில வெச்சிருந்தது தீந்துபோச்சு.
மறுபடி முதல்லேர்ந்து பயப்படணும்."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.
மேலே விசிறிகள்.
பெட்டியின் முகப்பில் ஐந்து, ஆறு, திரும்பவும் ஐந்து.
ஹஜார் கடிகாரத்தைப் பார்த்தாள்.
வண்டி வாசலில் காத்திருந்தது.
இருக்கட்டும்.