புள்ளடி

இருபத்திநாலு பிளொப்பி.
பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கித் தந்தவர்
எங்கள் பட்டறையில் முள் பொருத்தும் ஊர்ஸ்.
பதினேழாவது வாசிக்க மறுத்தது.
அவருடைய மகன் பொறியியல் கல்லூரியில்
அதை மட்டும் திரும்ப எழுதிக் கொண்டுவரும்வரை
ஒரு முழுக் கிழமை காத்திருந்தேன்.

பீல் நகரம். தை மாதம். ஏரியிலிருந்து ஏறிய புகார்
ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.
நந்தகோபன் பேக்கரிக்கு, இரவு வேலைக்கு.
குசினி மேசையில் நானும் ஒரு முந்நூற்று எண்பத்தாறும்.
நினைவகம் நாலு மெகாபைட்.
எக்ஸ் ஓடுவதற்குப் போதாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.
ஒன்றரை அறை வீட்டில் ஐந்து பேராய் இருந்தவள் நான்,
போதாது என்ற சொல்லை அவ்வளவாக நம்புவதில்லை.

மொனிட்டர் பழஞ்சந்தையில் இருபது பிராங்க்.
பின்பக்கத்து லேபிளை யாரோ சுரண்டிவிட்டார்கள்.
தன் அதிர்வெண் என்னவென்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
கோப்பில் எண்களை நானே எழுத வேண்டும்:
அகலத்துக்கு நாலு, உயரத்துக்கு நாலு,
எல்லாவற்றுக்கும் முன்னால் துடிப்பின் வேகம்.
பிழையாக எழுதினால் மொனிட்டர் புகையும் என்று
ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை.
யாரும் பொறுப்பில்லை என்று கீழே இன்னொன்று.

முதல் தடவை
திரை சரிந்து, கிழிந்து,
கொடியில் காற்றுப் பிடித்த சேலை மாதிரி உருண்டது.
ஊசிபோல ஒரு விசில்.
கீழ்வீட்டு ராம்சயர் அம்மாவின் நாய் குரைத்தது.
மூன்று விரலால் கழுத்தை நெரித்து நிறுத்தினேன்.
பத்து மணிக்குப் பிறகு கழிவறையில் தண்ணீர்கூட
இழுக்கக்கூடாத கட்டடம் இது.

இரண்டு. மூன்று.
ஏழாவது தடவை நாய்க்கே அலுத்துவிட்டது.
ஓர் எண்ணைக் கூட்டினேன், ஒன்றைக் குறைத்தேன்,
பட்டறையில் கண்ணாடிக்குக் கீழே
சுருள்வில்லை மயிரளவு தள்ளுவதுபோல.

இரண்டே முக்காலுக்குக் கறுப்பு விலகியது.
ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை,
சாக்கு நெய்ததுபோல் சாம்பல்,
விளிம்பிலிருந்து விளிம்புவரை, அசையாமல்.
நடுவில் ஒரு புள்ளடி.

வயிறு சுருங்கியது.
கணக்குக் கொப்பியில் சிவப்பாய் விழுந்தால் அது பிழை.
வந்த புதிதில், பாசலில் ஒரு மேசையில்,
பெட்டி பெட்டியாய் இருந்த படிவத்தில்
ஆம் என்ற இடமெல்லாம் சரிக்குறி போட்டேன்.
அதிகாரி புதுத் தாள் ஒன்றைத் தள்ளினார்.
இங்கே ஆம் என்றால் புள்ளடி, என்றார் மொழிபெயர்ப்பாளர்.
பெயர், பிறந்த நாள், வந்த பாதை,
ஒவ்வொன்றையும் பிழை பிழை என்று போட்டு
உண்மை சொன்னேன்.

மவுஸை அசைத்தேன்.
குறி நகர்ந்தது.
அவ்வளவுதான் நடந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.
ஒரு பறவை நடக்கிறது, கால் மட்டும் தெரிகிறது,
பின்னால் தடம் விழவில்லை.

முதலில் கடிகாரத்தைத் திறந்தேன்.
வன்தட்டு உளுந்து ஆட்டுவதுபோல் அரைத்தது, நாற்பது விநாடி.
ஒரு வட்டம், தடித்த இரண்டு முள்,
விநாடி முள் கிடையாது,
நேரம் ஒரு மணி பிந்தி.
இந்த ஊரில் இதை எந்தப் பரிசோதகரும்
வாசல் தாண்டவிடமாட்டார். இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு இரண்டு கண்கள்.
அவற்றுக்கு வேறு வேலையே இல்லை,
புள்ளடி போகும் பக்கம் பார்ப்பதைத் தவிர.
நினைவகம் போதாததால் கொஞ்சம் யோசித்துப் பார்க்கும்.

ஐந்தரைக்கு நந்தகோபன் வந்தார், காதுமடலில் மா.
சப்பாத்தைக் கழற்றாமல் நின்று கேட்டார்:
இது என்ன செய்யும்?
மணி பிழையாய்க் காட்டும், என்றேன்.
கண் இருக்கு, ஆனால் எங்களைப் பார்க்காது.

அவர் குனிந்து, ஒற்றை விரலால்,
மவுஸை மெல்ல ஒரு வட்டம் சுற்றினார்.
பொறுத்து, இன்னொரு வட்டம்.
இடது கண் கொஞ்சம் முந்துது, என்றார்.