ஆரஞ்சு எச்சரிக்கை

ஐப்பசியில் காகிதக்கூழ் காயாது.
தெரிந்தேதான் அட்வான்ஸ் வாங்கினேன்.
பெரம்பூர் அடுக்ககம் ஒன்றின் ஹாலோவீனுக்கு
ஒன்பது பேய், இரண்டு பூசணி, ஒரு வவ்வால்.
"பயமா இருக்கணும் மேடம்,
ஆனா பசங்க அழக்கூடாது."
இதற்கு எந்த அளவில் பல் வைப்பது?

காசிமேட்டில் கிழிந்த வலை கிலோ கணக்கில் கிடைக்கும்.
பேய்களின் கூந்தல் அதுதான்.
ஷாம்பு போட்டு நாலு முறை அலசியும்
உச்சந்தலையில் காரப்பொடி வாசம்.
வலை மிதவையை அறுத்துப் பற்கள்.
முதுகொடிந்த குடை வவ்வாலாயிற்று,
கம்பியோடு, ராயபுரம் கடைக்காரன் பெயரோடு.
பூசணிக்குத்தான் மூன்று டப்பா பெயின்ட் போனது,
காவியாகிவிடாமல் ஆரஞ்சைப் பிடித்து நிறுத்த.

குணவதி அக்கா எட்டிப் பார்த்தாள்.
"மயானக் கொள்ளைக்கு இன்னும் நாலு மாசம் கீதே,
இப்பவே இன்னாடி இது?"
அமெரிக்காக்காரன் பேய் என்றேன்.
"இன்னா கேக்கும்?"
மிட்டாய்.
"அப்போ அது நம்ம தெருப் பசங்கதான்."

கல்லூரியில் நான் படித்தது சிற்பம்.
கல்லைத் தட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.
சோறு போட்டது தெர்மாகோல்.
ஆண்டுவிழாக்களுக்கு நாற்பது கத்தரிக்காய்,
வங்கிக்கு நடக்கும் உண்டியல்,
பல் டாக்டர் திறப்புவிழாவுக்கு
உள்ளே ஆள் நுழையும் கடைவாய்ப்பல்.
அதற்குள் நுழைந்த பையன் மயங்கி விழுந்தான்.
மூக்குக்கு நேரே ஓட்டை போட மறந்திருந்தேன்.
அன்றிலிருந்து எதைச் செய்தாலும்
முதலில் மூச்சுக்கு வழி.

தலைகளைக் காயவைத்தது ஐஸ் கம்பெனியில்.
சிரிக்காதீர்கள்.
உள்ளே பாளம் பாளமாய் உறைய உறைய
பின்சுவர் வழியே அனல் கக்கும் எந்திரம்.
ஆபரேட்டர் தனபாலுக்கு இரண்டு டீ,
ஒன்பது தலையும் கொடிக்கயிற்றில்.
நைட் ஷிஃப்டுக்கு வந்த புதுப்பையன்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
இரண்டு நாள் வரவில்லை.
என் வேலைக்கு இதுவரை கிடைத்த
ஆகச் சிறந்த விமர்சனம்.

முப்பதாம் தேதி ராத்திரி
ஆரஞ்சு என்று அறிவித்தது வானிலை மையம்.
என் பூசணியைவிட ஒரு சாயல் பளிச்.
விடிந்ததும் மெசேஜ்: நிகழ்ச்சி ரத்து.
மீதிப் பணத்துக்கு
மஞ்சள் கைகளால் ஒரு கும்பிடு.

முதல் படியைத் தண்ணீர் தொட்டபோது
கரண்ட் போனது.
பத்துக்குப் பத்து அறையில்
கட்டில்மேல் பன்னிரண்டு பேர்,
நாற்காலிமேல் நான்.

சாயங்காலம் குணவதி அக்கா பிள்ளை லோகித்
வாசலில், முழங்கால் தண்ணீரில்.
"அக்கா, சும்மாதானே குந்தினு கீதுங்க?"

அவ்வளவுதான்.
பன்னிரண்டும் தெருவில் இறங்கின.
கதவைத் தட்டின,
என்ன கேட்பதென்று ஒருத்தருக்கும் தெரியாமல்.
ஒரு பேய் தீப்பெட்டி கேட்டது.
ஒரு பேய் செல்லுக்கு சார்ஜ் கேட்டது.
மூணாம் நம்பர் வீட்டுக்காரர்
பல்லைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்,
"முனையில தண்ணி எதுவரிக்கும்பா?" என்றார்.
பேய் தன் தொடையைக் காட்டியது.
மாடியிலிருந்து ஒருத்தி
வாளியில் கயிறு கட்டி இறக்கினாள்:
இரண்டு பால் பாக்கெட், ஒரு கை கடலைமிட்டாய்.

முதலில் இளகியது பெரிய பூசணி.
கன்னம் சரிந்தது.
கண் வழியே ஆரஞ்சு ஒழுகி
மார்பு வரை வந்தது.
பசங்க அழவில்லை.
பூசணிதான்.

வவ்வாலாய்ப் போன ஸ்டெஃபி மட்டும்
தலை நனையாமல் திரும்பினாள்.
எவ்வளவு மாற்றினாலும்
குடை தன் வேலையை மறக்கவில்லை.

நோட்டில் குறித்தேன்:
வார்னிஷ் இரண்டு பூச்சு.
பசையில் மைதா குறை.
முடி சரி. வலைக்குத் தண்ணீர் பழக்கம்.

நவம்பர் பாதிவரை கால்வாயிலிருந்து
பல் பல்லாய் எடுத்தார்கள்.
துப்புரவு வேலைக்கு வரும் அமுலு
ஒரு கோரைப்பல்லைத் துடைத்து நீட்டினாள்.
"உன்னுதா?"
விரலிடையில் வைத்து அளந்து பார்த்தேன்.
முக்கால் அங்குலம்.
என்னுதுதான்.