ஜன்னல்கள் திங்கட்கிழமை

மார்ச் மாதம். கொக்கொலாவில் பனி இன்னும்
கதவுப்பிடி உயரத்துக்கு நிற்கிறது.
பால்பண்ணையாக இருந்த கொட்டகைக்குள்
மாடுகள் நின்ற இடங்களில் இப்போது
ஓஸ்மோவின் ஒர்க்ஸ்டேஷன்கள்.
தலைக்கு மேலே பழைய எண் தகடுகள் அப்படியே:
பதினொன்று, பன்னிரண்டு.
பதிமூன்றில் நின்ற பசு உதைக்குமாம்.
அங்கே ஓர் ஆல்ஃபாவை நிறுத்தியிருக்கிறான்.
தொட்டால் ஷாக் அடிக்கும்.

என்னுடையதைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டி வாசாவிலிருந்து கொண்டுவந்தேன்.
கத்தரிப்பூ நிறம். இருபது கிலோ.
திவாலான கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தின் ஏலத்தில்
ஒரு காபி மெஷினோடு சேர்த்து நாற்பது யூரோ.
காபி மெஷின் ஓடவில்லை.

"நிறத்தைப் பார்த்தா வாங்கினாய்?"
ஆமாம் என்றேன்.
இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

அவனுடையது சன். பீட்சா டப்பா போலத் தட்டை.
சில்லுக்குள்ளேயே புதைத்துவைத்த பேட்டரி
எப்போதோ செத்துவிட்டது.
ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும்
தான் யாரென்று அதற்குத் தெரியாது.
பன்னிரண்டு எழுத்து முகவரியை
ஓஸ்மோ பார்க்காமல் தட்டுகிறான்,
மகளின் போன் நம்பரை எழுதிவைத்துப் பார்க்கிறவன்.
திரை "ஓகே" என்கிறது.
அது எதற்கும் ஓகே என்றுதான் சொல்லும்.

என்னுடையது எதையும் மறக்கவில்லை.
கடவுச்சொல் கேட்டது.
நாய்ப் பெயர்கள், துறைமுகப் பெயர்கள், ஒரு கெட்ட வார்த்தை,
எதற்கும் மசியவில்லை.
"பிரிண்டர் பெயரில் நுழைந்து பார்" என்றான்.
அந்தக் காலத்தில் பிரிண்டரிடம்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
திறந்துகொண்டது.

உள்ளே, கொர்பெலா என்ற யாரோ ஒருவரின் கோப்புகளுக்கு நடுவே
ஒரு பயணிகள் கப்பல். ஒன்பது தளம்.
கட்டவேயில்லை.
கடைசியாகக் கை வைத்தது தொண்ணூற்றைந்து நவம்பர்,
வெள்ளிக்கிழமை, மாலை நாலேகால்.
கோப்பின் தலையில் ஒரு குறிப்பு:
ஜன்னல்கள் திங்கட்கிழமை.

ஒரே கப்பலை இரண்டிலும் ஏற்றினோம்.
வெயில் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று
புள்ளி புள்ளியாய்க் கணக்குப் போட்டு வரையவேண்டும்.
ஓஸ்மோ நோட்டில் கட்டம் கிழித்தான்:
வேகம், நினைவகம், வாட், இரைச்சல், வென்றது.
இரைச்சலை அளக்கக் கருவி இல்லை.
கண்ணை மூடிக் கேட்டுவிட்டு
சன்னுக்கு "ஃப்ரிட்ஜ்" என்று எழுதினான்.
என்னுடையதற்கு "விமானம், ஆனால் தூரத்தில்."

சட்டைப்பையில் கிடக்கும் செல்போன்
தும்முவதற்குள் இதை முடித்துவிடும்.
அதை இருவருமே சொல்லவில்லை.

மேலிருந்து கீழே, கோடு கோடாக.
புகைபோக்கி. கொடிக்கம்பம். கைப்பிடிக் கம்பிகள்.
பதினெட்டாம் நிமிடம் என் கப்பல் நாலு தளம் இறங்கியிருந்தது,
அவனுடையது இரண்டு.
"பொறு. கீழே நிழல் ஜாஸ்தி. உன்னுடையது அங்கே திணறும்."
திணறத்தான் செய்தது.
ஏழாம் தளத்தில் தோளோடு தோள்.
நாற்காலிகளை முன்னால் இழுத்துக்கொண்டோம்.
ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர்,
ஆறிப்போன காபி,
நீர்மட்டக் கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை

அப்போது வீட்டில் ரைலி
சானா அடுப்பைப் போட்டாள்.

டப்.

விசிறிகள் மூச்சை விட்டன,
முதலில் ஃப்ரிட்ஜ், பிறகு விமானம்.
கண்ணாடிக்குள் ஒரு கணம் மங்கலாகத் தங்கி
ஜன்னலில்லாத கப்பல் இரண்டும் போயின.

ஃபியூஸ் பெட்டியைத் தேடித் தடவிப்போன ஓஸ்மோ
பதிமூன்றில் முழங்காலை இடித்துக்கொண்டு
ஸ்வீடிஷில் திட்டினான்.
நிஜமாகவே வலித்தால்தான் அவனுக்கு ஸ்வீடிஷ் வரும்.

மறுபடி ஓட்டலாமே என்றேன்.
சானா காயும்வரை முடியாது, என்றான்,
காய்ந்த பிறகு யாருக்கு மனம் வரும்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைத் திறந்தான்.
வென்றது என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் யோசித்து எழுதினான்:
ரைலி.
இரைச்சல்: டப்.