இணைப்பு மறுக்கப்பட்டது

ரோஹுகுலா படகுத்துறை, காலை ஐந்து பத்து.
டிக்கெட் இயந்திரம் படுத்துவிட்டது.
"கன்டெய்னரில்தான் கோளாறு" என்றாள் உர்வே போனில்.
கவுன்ட்டரில் இருந்த கவுப்போ
லாரி மேலிருந்த நீல இரும்புப் பெட்டியை எட்டிப் பார்த்து
"பூட்டு சரியாகத்தானே இருக்கிறது?" என்றான்.

தார்த்து நகரில், சமையலறை மேசையில்,
ஒரு காலில் மட்டும் கம்பளி உறையோடு அவள்.
திரையில் ஒரே வரி, நானூறு முறை:
மறுக்கப்பட்டது.

மறுப்பு பரவாயில்லை.
மறுக்க யாரோ இருக்கிறார் என்றாவது தெரிகிறது.
பதிலே வராமல் நேரம் தீர்ந்துபோவதுதான் பயம்,
உறைந்த கடலில் ஓட்டை போட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

ஃபயர்வாலைப் பார்த்தாள். அது இல்லை.
தரவுத்தளத்தை எழுப்பப் போனாள்.
அது விழித்தேதான் இருந்தது,
5432ஆம் வாசலில், விளக்கேற்றி, விருந்தாளி இல்லாமல்.
எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள்,
நாம் எல்லோரும் செய்வதுதான்.
மறுக்கப்பட்டது.

ஐந்து நாற்பதுக்குக் கண்ணில் பட்டது அந்தச் சொல்:
லோக்கல்ஹோஸ்ட்.
அவள் மடிக்கணினியில் அதற்கு 'இங்கே' என்று பொருள்.
பெட்டிக்குள் போன பிறகும் 'இங்கே'தான்,
ஆனால் பெட்டிக்குள் இருப்பவனின் இங்கே.
ராத்திரி முழுக்க அவன்
தன் வீட்டுக் கதவை உள்ளிருந்தே தட்டி,
தானே இல்லையென்று சொல்லி,
அதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறான்.

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அந்தச் சொல் அவள் போட்டது,
நேற்று மாலை, கிளம்புகிற அவசரத்தில்.

அழித்துவிட்டு
பக்கத்துப் பெட்டியின் பெயரை எழுதினாள்.

ஆறு மணிப் படகுக்கு முதல் சீட்டு வந்தது.
"நீலப் பெட்டி ஏறிவிட்டது" என்றான் கவுப்போ,
"இனிப் பிரச்சினை வராது."
அவள் திருத்தவில்லை.
இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.