காலமை ஐந்தரைக்குக் காலாவதி

சான்றிதழ் வந்துவிட்டது.
இரவு பதினொன்று நாற்பது, கொம்பனித்தெருவில் மூன்றாம் மாடி.
குளிரூட்டி பத்து மணிக்கே நின்றுபோனது.
திறந்த ஜன்னலால் பேரை வாவியின் பாசி மணம் வருகிறது,
கீழே கொத்துரொட்டி போடும் தகரச் சத்தமும்.

பழையது கிறீனிச் நேரத்துக்கு நள்ளிரவில் சாகும்.
எங்களுக்கு அது காலமை ஐந்தரை.
அந்த நேரத்துக்குத்தான் நாரஹேன்பிட்டி ஆய்வுகூடத்தில்
சீனி பார்க்க வந்தவர்கள்
வெறுவயிற்றோடு வரிசையில் நிற்பார்கள்.
நேற்றைய அறிக்கையை யாராவது போனில் திறந்தால்
சிவப்பு முக்கோணம் வரக்கூடாது.
அவ்வளவுதான் என் வேலை.

தரவிறக்கினேன். ஆறு கிலோபைட்.
காசு கட்ட மூன்று கிழமை, நிதிப்பிரிவில் இரண்டு கையொப்பம்;
இறங்குவதற்கு ஒரு கண்சிமிட்டல்கூடத் தேவைப்படவில்லை.
விரித்தால் மூன்று கோப்புகள்:
எங்கள் சேர்வரின் பெயர் சொல்வது,
அதற்குச் சாட்சி சொல்வது,
அந்தச் சாட்சிக்கும் சாட்சியான வேர்.
வேருக்கு யார் ஒப்பமிட்டது என்று பார்த்தேன்.
வேரே.

நஸ்மியா எழுதினாள்:
"எல்லாத்தையும் போடுங்க அக்கா, நான் ஏத்துறன்."
பதினொரு பேர் இருக்கும் குழுவில்
எல்லாத்தையும் போட்டேன்.
நான்கு கோப்புகள் போய் விழுந்தன.

நான்கு.

நாலாவது எங்கிருந்தும் இறக்கியதல்ல.
போன செவ்வாய் இதே கதிரையில் இருந்து
நானே பிறப்பித்த திறவுகோல்.
சான்றிதழ் தந்தவர்களே அதைக் கண்டதில்லை.

அழிக்க முன்னம் பார்த்தேன்: ஏழு பேர் திறந்திருந்தார்கள்.
அதில் ஒருவன் தனுக. மாசி மாதமே
வேலையை விட்டு டுபாய் போனவன்,
குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை.
"அக்கே, கீ எகத் தாலா" என்று எழுதியிருந்தான்.
திறவுகோலையும் போட்டிருக்கிறேனாம்.
அழித்தேன். அழித்ததையும் எல்லாருக்கும் அறிவித்தது அது.

ஒருவரும் கெட்டவர் இல்லை. விஷயம் அதுவல்ல.

இரண்டாயிரத்து எட்டில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில்,
பொலிஸ் பதிவுத் துண்டை அப்பா
பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.
ஆறு போட்டோக்கொப்பி வேறு.
கதவு தட்டியவர், வீதியில் மறித்தவர்,
கேட்ட எல்லாருக்கும் நீட்டினார்.
பின்னேரங்களில் எங்கே போய் வருகிறார் என்று
எனக்குக்கூடச் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

இரத்துச் செய்யும் பொத்தானை அழுத்தினேன்.
காரணம் கேட்டது. ஒரு பட்டியலும் தந்தது.
கடைசியில் 'குறிப்பிடவில்லை' என்று ஒன்று இருந்தது,
விரல் அதில் கொஞ்சம் இளைப்பாறியது.
பிறகு மேலே போய் உள்ளதைச் சொன்னேன்:
திறவுகோல் வெளியே போய்விட்டது.
நாற்பது நிமிடம் வாழ்ந்த சான்றிதழ்.
அதன் இலக்கம் இனிச் செல்லாதவைகளின் பட்டியலில்,
உலகத்தில் யார் தேடினாலும் கிடைக்கும்.

புதுத் திறவுகோலை இந்த முறை சேர்வருக்குள்ளேயே பிறப்பித்தேன்.
புது விண்ணப்பம். காத்திருப்பு.
பிளேன்டீ ஆறி, மேலே ஆடை மாதிரி ஏதோ படிந்தது.
மூன்று இருபத்தைந்துக்கு வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணி
நஸ்மியாவுக்கு மட்டும் அனுப்பினேன்.
"நாலாவது?" என்றாள்.
"அது வராது."
சிரித்த முகம் ஒன்று வந்தது,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு "ஏத்தியாச்சு."

ஐந்து முப்பத்தொன்று.
பக்கத்தைத் திறந்தேன். பூட்டு இருந்தது.
வரிசையில் நிற்பவர்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.
நிலையத்தில் காலிப் பக்கம் போகும் கோச்சி ஊதிற்று.
குழுவில் தனுக ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்;
டுபாயில் அப்போது நாலு மணி.
அவனை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

நானும்.